பங்கு போட்ட பெட்டி

எங்கள் தெரு முனைக் கிளினிக்கில் ஆண்டுக்கு ஒருமுறை வயதானவர்களுக்கென்று ஒரு கூட்டம் போடுவார்கள். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, கரகரக்கிற ஒரு மைக், ஆளுக்கொரு டம்ளர் பழச்சாறு. போன முறை டாக்டரம்மா என் அப்பாவை மேடையில் ஏற்றி, தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். எண்பத்திரண்டு வயது, ஒரு மாத்திரை கிடையாது, கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறார், எல்லாவற்றுக்கும் காரணம் நல்ல எண்ணம் என்றார். பிறகு மைக்கை அப்பாவிடம் நீட்டி ரகசியத்தைக் கேட்டார்.

"ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றார் அப்பா. "காலையில கண்ணு முழிச்சதும் ஒருத்தரை நினைச்சுக்குவேன். அவருக்கு முன்னால நான் போயிடக் கூடாதுன்னு சொல்லிக்குவேன். அப்புறம் எழுந்து நடக்கப் போயிடுவேன்."

கூட்டம் உருகிவிட்டது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலை குனிந்துகொண்டு பல்லைக் கடித்ததைப் பக்கத்தில் இருந்த மகள் நான் மட்டும்தான் பார்த்தேன். அப்பா நினைத்துக்கொள்கிற அந்த ஒருத்தர் அம்மா இல்லை. அம்மாவுடன் பிறந்த அண்ணன். என் தாய்மாமன்.

அப்பா பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். பழுது பார்க்கும் பட்டறையில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மரப்பெட்டி, அதற்குள் அவரவர் சாமான்: சுத்தியல், அரங்கள், மூலைமட்டம், கோடு கிழிக்கும் ஊசி. அப்பாவின் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது, மைக்ரோமீட்டர். தலைமுடியின் கனத்தைக்கூட அளந்து சொல்லிவிடும் கருவி. சைக்கிளை விற்று அதை வாங்கிவிட்டு மூன்று வருடம் வேலைக்கு நடந்தே போனார். அது என் கைக்கு எட்டும் இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. நான் அழுதால்கூட அம்மாவைக் கூப்பிடுவார், அந்த மைக்ரோமீட்டர் பெட்டி கீழே விழுந்தால் அவரே ஓடுவார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு விதி இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவன் செத்துப்போனால் அவன் சாமான்கள் வீட்டுக்குப் போகாது. கூட வேலை பார்த்தவர்கள் ஒரு தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் சாகும்வரை அந்த உரிமை உண்டு. ஒருமுறை பங்கு போட்ட சாமானைத் திருப்பிக் கேட்கக் கூடாது, திருப்பிக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் கொடுத்தவன் கையில் மெஷின் ஏறிவிடும் என்று நம்பினார்கள். கையைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்கள், அதனால் யாரும் பரீட்சை செய்து பார்க்கவில்லை. இவர்களுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்குக் கம்பெனியே சாமான் கொடுத்துவிட்டதால், விதி இந்தப் பன்னிரண்டு பேரோடு நின்றுபோனது.

அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதாகும்போது லேத் மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மாமாவும் அதே பட்டறையில், அப்பாவுக்கு அடுத்த மேசையில் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. டாக்டர் அவரிடம், இரண்டு நாள் தாண்டினால் பார்க்கலாம் என்றிருக்கிறார். மாமா பட்டறைக்குப் போய், "மச்சான் தேறமாட்டார்" என்று சொல்லிவிட்டார். நாலாம் நாள் யாரோ ஒருத்தன் வந்து எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொன்னானாம். முடிந்தது பக்கத்துக் கட்டில்காரருக்கு. ஒரு போன் செய்து கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அன்று மதியமே தொப்பி வந்தது, சீட்டு வந்தது, பெட்டி காலியானது.

தொப்பியைப் பிடித்திருந்தவர் மாமா. மைக்ரோமீட்டரை மட்டும் அவர் சீட்டிலேயே போடவில்லை. தங்கச்சி வீட்டுச் சாமான் என்று சொல்லி நேராகத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். தங்கச்சி அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் அப்பா வேலைக்குப் போனார். நடை தள்ளாடியதால் நான் கூடப் போனேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பட்டறைக்குள் நுழைந்ததும் அரம் ராவுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே விரித்திருந்த கம்பளித் துணியைக்கூட விடவில்லை, பாவிகள். பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"என் மைக்ரோமீட்டர் எங்க மச்சான்?" என்று அப்பா கேட்டார்.

"பங்கு போட்டாச்சு மச்சான்," என்றார் மாமா. தலை நிமிரவில்லை. "விதி உங்களுக்குத் தெரியாததா?"

"நான் சாகலையே."

"அது எங்களுக்குத் தெரியாதே மச்சான்."

அந்த இடத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததால் பதினோரு பேர் மீதும் ஆத்திரத்தை வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அப்பா வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இதயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது, இவருக்குத்தான் இருக்க இஷ்டமில்லை என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். சட்டை தோளில் தொங்கியது. அம்மா ஊட்டினால் இரண்டு வாய், மூன்றாவது வாய்க்குக் கையைத் தள்ளிவிடுவார். நாங்கள் மனசைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டோம்.

ஆறாவது மாதம் பட்டறையின் கொல்லர் செத்துப்போனார். வாழ்நாள் முழுவதும் போர்மேன் மேல் கறுவிக்கொண்டே இருந்த மனுஷன், அந்தக் கறுவலோடேயே போய்ச் சேர்ந்தார். சீட்டு எடுக்க அப்பாவையும் கூப்பிட்டார்கள். அப்பா பஸ் பிடித்துப் போய், தொப்பிக்குள் கைவிட்டு எடுத்தார். வந்தது அவருடைய சொந்தச் சுத்தியல். கொல்லருக்குப் பங்கில் போயிருந்த அதே சுத்தியல்.

அன்று வீட்டுக்கு வந்தவர் கை கால் கழுவி, தானாக உட்கார்ந்து, இரண்டு தட்டு சாப்பிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அப்பா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதத் தொடங்கினார்: வெல்டர், மில்லிங் மெஷின் ஓட்டிய மில்லிங்காரர், குட்டையன், பெயிண்டு அண்ணன். இப்படிப் பத்து பேர். பக்கத்தில் அவரவர் வயது. கடைசியில் மாமா, வயது ஐம்பத்திரண்டு. எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இவனுங்க எல்லாரையும் விட நான் அதிக நாள் இருக்கணும்மா. வேற வழி இல்ல. என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாதுன்னு அந்த டாக்டர் ஒரு சீட்டு குடுத்தாரே, அது எங்க?"

அப்படித் தொடங்கியது என் அப்பாவின் நல்ல எண்ணம். சிகரெட்டை அன்றோடு விட்டார். விடியற்காலையில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி வந்தார், முதலில் அரைச் சுற்று, பிறகு ஒன்று, பிறகு எட்டு. பல்லை அரம் போட்டுத் தீட்டுவதுபோல் தேய்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, "எல்லாம் டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு" என்பார். பட்டறையில் ஒரு சாமான் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதற்கு அதுதான் வார்த்தை.

ஒன்றை மட்டும் அவர் தானாகக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சாவுக்கும் போனார், பாடையைத் தூக்கினார், சீட்டு எடுத்தார், வந்து பட்டியலில் ஒரு கோடு போட்டார். போடும்போது யோசிப்பார். வெல்டர் ஓய்வு பெற்றதும் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாம் முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டே வருடம். மில்லிங்காரர் மகனோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மூன்று வருடம். "சலிச்சுக்கிறவனும் பல்லைக் கடிக்கிறவனும் வரிசையா போறான்," என்றார் அப்பா. ஆகவே சலித்துக்கொள்வதை நிறுத்தினார். காய்கறிக்காரரிடம் ஜோக்கடித்தார். எதிர்வீட்டுக்காரர் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலேயே போய்ச் சரிசெய்தார். மாமாவை எங்கே பார்த்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு எப்படி இருக்கு மச்சான்? தூக்கம் வருதா? வயிறு சரியா போகுதா?" என்று விசாரிப்பார். உலகத்தில் இவ்வளவு உண்மையான அக்கறையோடு யாரும் யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

மாமா மட்டும் லேசுப்பட்டவரா? அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவரும் நடக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை, அவர் வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. அம்மா மட்டும் மாதத்துக்கு ஒருமுறை போய்விட்டு வருவாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பார்.

"உங்கண்ணன் எப்படி இருக்கானாம்?"

"நீச்சல் கத்துக்கிறானாம்."

"இந்த வயசுல எதுக்கு?"

அடுத்த வாரம் அறுபத்து மூன்று வயதில் அப்பா நகராட்சிக் குளத்தில் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் கறுவினேன். அப்பாவைவிட அதிகமாகக் கறுவினேன். மாமா வீட்டுக் கல்யாணங்களுக்குப் போகவில்லை, சாவுகளுக்குப் போகவில்லை, அத்தை செத்தபோது அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டும் போகவில்லை. பட்டறையில் கேட்ட அந்தச் சிரிப்பை மனசுக்குள் தினமும் ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு வயதில் பிரஷர் மாத்திரை, நாற்பத்தாறில் வயிற்றுப்புண், இப்போது ஐம்பத்து நாலில் இரண்டு முழங்காலுக்கும் பட்டை. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும், "உங்க அப்பாவைப் பாத்துக் கத்துக்கங்க, மனசை லேசா வச்சுக்கங்க" என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பிரஷர் இன்னும் பத்து ஏறும்.

பட்டியலில் கோடுகள் கூடின. பெயிண்டு அண்ணன் போனபோது மூன்றே பேர் சீட்டு எடுத்தார்கள். குட்டையன் போனபோது குலுக்க ஆளில்லை. அப்பாவும் மாமாவும் மட்டும் எதிரெதிரே நின்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் பெட்டியில் இப்போது எல்லாம் வந்துவிட்டன, மூலைமட்டமும் மைக்ரோமீட்டரும் தவிர. அவை மாமாவிடம். இனிச் சீட்டே தேவையில்லை. இரண்டு பேரில் யார் மிச்சமோ அவருக்கு எல்லாம்.

கிளினிக் கூட்டம் முடிந்து ஐந்தாவது வாரம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக நடந்தும் அவர் எழுந்திருக்க மறுத்தார். மகன் தூர தேசத்தில். நடக்கப் பழக்கிவிட வந்த பெண் கெஞ்சிப் பார்த்துவிட்டு, இப்படியே படுத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டி இரண்டு மாதம் தாங்காது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அழுதுகொண்டே வந்து செய்தி சொன்னாள்.

"அண்ணன் உங்களை வரச் சொல்றான். எதையோ குடுக்கணுமாம்."

எனக்குச் சந்தோஷம். மறைப்பதற்கென்ன, குதிக்காத குறை. இருப்பதிலேயே நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டேன். இருபத்தேழு வருடம் கழித்து அந்த ஆள் கையால் அது திரும்பி வருவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மதியம் மூன்று மணிக்குப் போனோம். வார்டில் பத்துக் கட்டில். மாமா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். சுருங்கிப்போயிருந்தார். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் ஆறிக் கிடந்தது, பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடக்கிற நடைச்சட்டம் புதுசாக, தூசி படிந்து நின்றது. அப்பாவைப் பார்த்ததும் தலையணைக்கடியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்தார்.

"எடுத்துக்கங்க மச்சான். அன்னிக்கு இதை நான் சீட்டுல போடல. எனக்குப் பிடிச்சிருந்தது, எடுத்துக்கிட்டேன். நீங்க திரும்பி வந்தப்புறமாவது குடுத்திருக்கணும். விதின்னு சொல்லி ஒளிஞ்சுக்கிட்டேன். தப்புதான். மன்னிச்சிடுங்க."

எவ்வளவு வருடமாகக் காத்திருந்த வார்த்தை! அம்மா விசும்பினாள். அப்பா பெட்டியைத் திறந்தார். மைக்ரோமீட்டர் பளபளத்தது. வருடம் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்திருக்கிறார், திருட்டுச் சாமான்தான் என்றாலும். அப்பா ஒரு காகிதத் துண்டை அதன் வாய்க்குள் வைத்து இழுத்துத் துடைத்தார். மூடித் திருகி, கோடு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. பிறகு சட்டென்று குனிந்து மாமாவின் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார்.

"ஆ!" என்றார் மாமா.

அப்பா அந்த வெள்ளை முடியை வைத்து அளந்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார். "மில்லிமீட்டர்ல நூத்துல ஏழு. நல்லா கெட்டியாத்தான் இருக்கு. உனக்கென்ன கேடு, படுத்துக் கிடக்கிற?"

அப்பா மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடி, மாமாவின் கையில் திணித்து, விரல்களையும் மடக்கிவிட்டார்.

"குடுத்தா வாங்க மாட்டேன் மச்சான். செத்தா எடுத்துக்குவேன். அதுவும் இப்படி இல்ல. மன்னிப்புக் கேட்டுட்டு, பாரத்தை என் கையில குடுத்துட்டு, லேசா கண்ணை மூடிக்கலாம்னு பாக்குறியா? நான் மன்னிக்கல. நீ எழுந்து நடக்கணும். தினமும் சாப்பிடணும். தினமும் இதைப் பெட்டியில பாத்து உனக்கு உறுத்தணும். பத்து வருஷம் உறுத்தணும். அதுக்கப்புறம் நான் உசுரோட நின்னு எடுத்துக்குவேன்."

மாமாவின் முகத்தில் ரத்தம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். காது வரை சிவந்தது.

"எண்பத்திரண்டு வயசுக் கிழவன், நீங்க என்னைப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா?" என்றார். "உங்களை வழியனுப்பி வச்சுட்டுத்தான் நான் போவேன். அந்தச் சுத்தியலையும் சேத்து எடுத்துக்குவேன். ஏம்மா, அந்தச் சட்டத்தை இங்க தள்ளு!"

நடக்கப் பழக்கும் பெண் ஓடி வந்தாள். மாமா பல்லைக் கடித்து, முனகி, அப்பாவை முறைத்துக்கொண்டே எழுந்து நின்றார். மூன்று அடி வைத்தார். அந்தப் பெண் கை தட்டினாள். அடுத்த கட்டில்காரர்களும் தட்டினார்கள். அப்பா தட்டவில்லை. அடியை எண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் வெடித்துவிட்டேன். "கையில வந்ததை யாராவது திருப்பிக் குடுப்பாங்களாப்பா? இதுக்காகவா நான் இத்தனை வருஷம் அவங்க வீட்டு வாசலை மிதிக்கல?"

"உன்னை யாரு மிதிக்க வேண்டாம்னு சொன்னா?" என்றார் அப்பா. அவர் முகம் குளித்து வந்ததுபோல் இருந்தது. "நான் அவன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு நடக்கிறேன். நீ அவனை வயித்துக்குள்ள உக்கார வச்சுச் சோறு போடுற. அப்ப வயிறு யாருக்குப் புண்ணாகும்?"

எனக்குக் கோபம் வந்தது, அதுவும் அவர் சொன்னது சரியாக இருந்ததால்.

முன்சீட்டில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஆறு மாசம் இருப்பேன். தேவைப்பட்டா ஒரு வருஷம். உங்க சோத்தை நீங்க ஆக்கிக்கங்க."

அப்பா சிரித்தார். "எதுக்கு?"

"அவன் நடக்கணும்ல. வேளைக்குச் சாப்பிடணும், மாத்திரை போடணும், பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன். இருபத்தேழு வருஷமா ரெண்டு பேரும் என்னை நடுவுல நிறுத்தி வச்சு ஆட்டம் ஆடுனீங்க. புருஷன் வீட்டுல அண்ணன் பேச்சை எடுக்கக் கூடாது, அண்ணன் வீட்டுல புருஷன் பேச்சை எடுக்கக் கூடாது. அத்தனை வருஷமும் உங்களுக்கு உப்பைக் குறைச்சு, எண்ணெயைக் குறைச்சு ஆக்கிப்போட்டது யாரு? நல்ல எண்ணம் ஆக்கிப்போட்டதா? இனிமே அவனுக்கு ஆக்கிப்போடுறேன். யாரு ஜெயிக்கிறீங்கன்னு பாக்கலாம்."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பயந்து நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் சொருகிக் கிடந்தபோதுகூடப் பயப்படாத மனுஷன், அம்மாவின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு இரண்டு ஸ்டாப் வரை உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"இவ போய்ப் பாத்துக்கிட்டா அவன் நூறு வயசு இருப்பான்மா. அப்ப நான் நூத்தி மூணு இருக்கணுமே!"

எங்கள் ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, மீதி தூரத்தை நடந்தே வந்தார்.